கவனிப்பாரற்று வளர்ந்த ஒட்டு மாவைக் கவாத்து செய்வது: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. மண்வெட்டி, அரிவாள், தொரட்டி, ரம்பம் விற்கிறேன். ரம்பம் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் காசை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியை எடுக்கிறார்கள். கதை பெரும்பாலும் ஒன்றுதான். அப்பா நட்ட ஒட்டு மா. பிள்ளைகள் சென்னைக்கோ துபாய்க்கோ போய்விட்டார்கள். பத்து வருடம் கழித்துப் புறவாசலைத் திறந்தால் மரம் மாடியை மூடி நிற்கிறது, பழத்தைக் காணோம்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. வீட்டில் இரண்டு ஒட்டு மா வைத்து, ஒன்றைப் பாழாக்கி, மற்றதைப் பிழைக்க வைத்தவன். ஒரே பதிலைத் தினமும் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, கவாத்து செய்யாவிட்டால்தான் என்ன? காட்டு மரத்தை யார் வெட்டிவிடுகிறார்கள்?

நியாயமான கேள்வி. காட்டு மரத்துக்கு அணிலும் வௌவாலும் பழம் தின்று கொட்டையைப் போட்டால் போதும். உங்களுக்குத் தொரட்டிக்கு எட்டும் உயரத்தில் பழம் வேண்டும். மா, கொப்பின் நுனியில் பூப்பது. வெயில் படும் நுனிதான் பூக்கும். பத்து வருடம் விட்ட மரத்தில் வெயில் படுவது உச்சியில் மட்டும். உள்ளே இருட்டும் ஈரமும் சேர்ந்து தத்துப்பூச்சி குடியேறுகிறது. அது கழிக்கும் பாகின் மேல் கரும்பூசணம் படர்ந்து, இலை அடுப்பங்கரைச் சுவர்போலக் கறுத்துவிடுகிறது.

ஆனால் மரம் ஒழுங்காகக் காய்த்துக்கொண்டிருந்தால் காய்ந்த குச்சிகளை மட்டும் எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். புது ரம்பம் வாங்கிய உற்சாகத்தில் வெட்டப்பட்ட நல்ல மரங்கள் எத்தனையோ. விற்றவன் சொல்கிறேன்.

தம்பி, காய்க்கிற மரத்தில் கத்தி வைப்பது பாவம் இல்லையா?

எழுபது வயது ஆச்சி ஒருவர் கேட்டது. அவர் மரம் காய்த்து நான்கு வருடமாகியிருந்தது. “காய்க்காத மரம்தானே ஆச்சி” என்றதும் சிரித்துவிட்டு ரம்பத்தை வாங்கிப்போனார்.

ஒட்டு மரம் என்றால் வெட்டுவதில் அப்படி என்ன வித்தியாசம்?

ஒட்டு மா என்பது ஒரே தூரில் நிற்கும் இரண்டு மரங்கள். கீழே வேர்ச்செடி, கொட்டையிலிருந்து முளைத்த நாட்டு மா. மேலே நீலமோ பங்கனப்பள்ளியோ மல்கோவாவோ ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்த இடம் ஒட்டுமுடிச்சு. முடிச்சுக்கு மேலே வருவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மரம். கீழே வருவது வேறு மரம்.

அதனால் முதல் வேலை ஏணி போடுவது இல்லை, குந்தி உட்காருவது. தூரைச் சுற்றியிருக்கும் சருகையும் மண்ணையும் கையால் விலக்குங்கள். பழைய அணைப்பு ஒட்டு (தாய்மரக் கொப்போடு கன்றைச் சேர்த்துக் கட்டி ஒட்டியது) மரமாக இருந்தால் தரையிலிருந்து சாண் உயரத்தில் ஒரு புடைப்போ, ஒரு பக்கமாக முழங்கைபோன்ற வளைவோ தெரியும். அதற்குக் கீழே பட்டை ஒரு மாதிரி வெடித்திருக்கும், மேலே வேறு மாதிரி. கல் ஒட்டு (கொட்டை முளைத்த சில நாளிலேயே இளங்கன்றில் ஒட்டியது) மரங்களில் முடிச்சு இன்னும் தாழ்வாக இருக்கும். மண் ஏறி மூடியும் போயிருக்கலாம். கண்டுபிடித்ததும் அந்த உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இனி நான் ‘கோடு’ என்று சொன்னால் இதைத்தான்.

தூரிலிருந்து ஒரு கொப்பு செழிப்பாக வருகிறது. இருக்கிறதிலேயே அதுதான் பச்சையாக இருக்கிறது. விடலாமா?

கோட்டுக்குக் கீழே புறப்பட்டிருந்தால் விடக்கூடாது. அது நாட்டு மா. வேர் அதற்குச் சொந்தம் என்பதால் தண்ணீரும் உரமும் முதலில் அதற்குத்தான் போகும். மேலே இருக்கும் ஒட்டு மெலிந்துகொண்டே வரும். ‘எங்கள் பங்கனப்பள்ளி திடீரென்று புளிப்புக் காயாகக் காய்க்கிறது’ என்று வருகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். பழம் மாறவில்லை, மரம் மாறியிருக்கிறது.

விரல் பருமன் என்றால் புறப்படும் இடத்தைத் தோண்டி, அடியோடு பிய்த்தெடுங்கள். மேலாக நறுக்கினால் ஒன்று மூன்றாக வரும். கை பருமன் ஆகிவிட்டால் ரம்பத்தால் தூரோடு ஒட்டி எடுக்க வேண்டும். தொடை பருமன் ஆகியிருந்தால் உடனே ரம்பத்தை வைக்காதீர்கள். கடைசியிலுள்ள கேள்வி ஒன்றைப் பாருங்கள்.

எந்த மாதம் வெட்டலாம்?

கடைசிக் காயைப் பறித்த பிறகு, வடகிழக்கு மழைக்கு முன்னால். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாமரத்துக்கு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களைச் சொல்கிறது. நம் கணக்கில் ஆவணியும் புரட்டாசி முன்பாதியும். நீலம் கடைசியில் பழுக்கும் ரகம். அது ஓய்வதற்குள் ஆனி போய்விடும். ஆடியில் மரம் ஏறாதீர்கள். கணவாய் வழியாக வரும் காற்றில் ஏணி நிற்காது, அறுபடும் கொப்பு எந்தப் பக்கம் விழும் என்றும் சொல்ல முடியாது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் அப்போது சாரல் வேறு. ஈரம் பட்ட வெட்டுவாயில் பூசணம் இறங்கும்.

ஐப்பசிக்குத் தள்ளவும் வேண்டாம். வெட்டியபின் வரும் துளிர் முற்றுவதற்கு நான்கைந்து மாதமாவது வேண்டும். மார்கழி, தையில் மற்ற மரங்கள் பூக்கும்போது உங்கள் மரம் தாமிர நிறத்தில் கொழுந்து விட்டுக்கொண்டு நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். காய்ந்த கொப்பு, நோய்க் கொப்பு, புல்லுருவி இவற்றுக்கு மட்டும் மாதம் பார்க்க வேண்டாம்.

அரிவாள் போதாதா? எங்கள் தாத்தா அரிவாளால்தான் வெட்டினார்.

பனை ஓலை கழிக்க, தேங்காய் வெட்ட அரிவாள். மாங்கொப்பை அரிவாளால் வெட்டினால் வாய் சிம்பு சிம்பாகப் பிளந்து நிற்கும். தண்ணீர் தேங்கி அங்கிருந்து காய்ந்துகொண்டே உள்ளே இறங்கும். பென்சில் பருமனுக்குக் கவாத்துக் கத்தரி, அதற்கு மேல் மடக்கு ரம்பம் அல்லது வில் ரம்பம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். மாம்பால் பட்ட இடம் வெந்ததுபோலப் புண்ணாகும். முசுறு (கடிக்கும் சிவப்பு எறும்பு) கூடு கட்டியிருந்தால் அந்தக் கொப்பை முதலில் தரையிலிருந்தே தொரட்டியால் அறுத்துத் தள்ளுங்கள். ஏணியில் நிற்கும்போது முசுறு கழுத்தில் இறங்கினால் எந்த அறிவுரையும் ஞாபகத்துக்கு வராது.

மின்கம்பியைத் தொடும் கொப்பை நீங்களும் வெட்டாதீர்கள், கூலிக்கு வருகிறவரையும் வெட்டச் சொல்லாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. எல்லாமே கொப்பாக இருக்கிறது.

கீழிருந்து மேலே போங்கள். முதலில் கோட்டுக்குக் கீழே உள்ளவை. அடுத்து செத்தவை, நகத்தால் கீறினால் பச்சை தெரியாதவை எல்லாம் செத்தவை. நுனியிலிருந்து கருகி வரும் கொப்பை, கருகல் முடியும் இடத்துக்குக் கீழே மூன்று அங்குலம் பச்சையையும் சேர்த்து எடுங்கள். பிறகு தரையைத் தொடும் கொப்புகள், ஒன்றோடொன்று உரசுகிறவற்றில் மெலிந்தது.

இவ்வளவு முடித்ததும் கீழே இறங்கி டீ குடியுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பத்தடி தள்ளி நின்று மரத்தைப் பாருங்கள். முக்கால்வாசி வீடுகளில் அந்த வருடத்துக்கு அது போதும். நடுவில் செங்குத்தாக வானத்தைப் பார்த்துப் போகும் ஒரு பெரிய கொப்பு வெயிலை மறைத்தால், அதை அடுத்த வருடம் எடுக்கலாம். உயரம் குறைப்பது மூன்றாம் வருடம். எந்த வருடமும் பச்சை இலையில் கால்பங்குக்கு மேல் போகக்கூடாது. இலைதான் மரத்தின் அடுப்பு. அதை மொத்தமாக அணைத்துவிட்டுச் சாப்பாடு கேட்க முடியாது.

தொடை பருமன் கொப்பை எப்படி அறுப்பது?

நான் பாழாக்கிய மரத்தின் கதை இதுதான். 2009-இல், வீட்டுக்கு மேலே சாய்ந்திருந்த ஒரு கொப்பை நடுமரத்தை ஒட்டி மேலிருந்து அறுத்தேன். முக்கால் பங்கு அறுபட்டதும் கொப்பு தன் கனத்திலேயே முறிந்தது. முறிந்து விழுந்திருந்தால் பரவாயில்லை. அடிப்பக்கம் அறுபடாமல் இருந்ததால் பனைநார் உரிவதுபோல நடுமரத்தின் பட்டையை நாலடி நீளத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கியது. உள்ளே வெள்ளையாக, ஈரமாக மினுங்கியது. அந்தப் புண் மூடவே இல்லை. இரண்டு வருடத்தில் தண்டுத் துளைப்பான் புழு நுழைந்து, தூரில் மரத்தூள் கொட்ட ஆரம்பித்தது.

மூன்று வெட்டாக அறுக்க வேண்டும். நடுமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் கீழ்ப்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம். அடுத்து அதற்கு இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து முழுதாக. இப்போது கொப்பு உரியாமல் விழுந்துவிடும். மிச்சமிருக்கும் கட்டையை மூன்றாம் வெட்டில் எடுங்கள். கொப்பு நடுமரத்தோடு சேரும் இடத்தில், சட்டைக் கழுத்துப் பட்டை மாதிரி ஒரு தடித்த வளையம் இருக்கும். அதை வெட்டாதீர்கள், அதற்கு வெளியே அறுங்கள். புண்ணை மூடும் புதுப்பட்டை அந்த வளையத்திலிருந்துதான் சுற்றி வளரும். அதைச் சேர்த்து வழித்தாலும் கெடுதல், அரையடிக் கட்டையை விட்டுவைத்தாலும் கெடுதல்.

வெட்டிய இடத்தில் சாணி அப்பினால் போதுமா?

வெறும் சாணியைவிட போர்டோ பசை மேல். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். பாதித் தண்ணீரில் துத்தத்தையும், மீதியில் சுண்ணாம்பையும் தனித்தனியே கரையுங்கள். சுண்ணாம்பு ஆறியபின், துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் ஊற்றிக் கலக்குங்கள். மண்சட்டியோ பிளாஸ்டிக் வாளியோதான். இரும்பு, அலுமினியம் ஆகாது. பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே பூசிவிட வேண்டும். கட்டைவிரலைவிடத் தடித்த வெட்டுக்குப் பூசினால் போதும்.

பிரான்சில் போர்டோ பக்கம் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழியில் போகிறவர்கள் பறித்துத் தின்னாமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் இந்த நீலநிறக் கலவையை அடித்துவைத்தார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததைப் பார்த்துத்தான் மில்லார்டே என்ற பேராசிரியர் ஆராய்ந்து 1885-இல் வெளியிட்டார். மாங்காய்த் திருடர்கள் இருக்கும் தெருக்காரர்கள் கவனிக்க.

மரத்தில் வேறு இலையோடு ஒரு கொத்து தொங்குகிறது, சிவப்பாகப் பூக்கிறது. அதுவும் மாவா?

புல்லுருவி. கவனிக்காமல் விட்ட மாமரங்களில் ஒன்றிரண்டாவது இருக்கும். பறவை பழத்தைத் தின்று பிசுபிசுத்த விதையைக் கொப்பில் தேய்த்துவிட்டுப் போகிறது; அது பட்டைக்குள் வேரிறக்கி மரத்தின் தண்ணீரைக் குடிக்கிறது. கொத்தை மட்டும் பிடுங்கினால் மறுபடி துளிர்க்கும். அது பிடித்திருக்கும் முடிச்சிலிருந்து நடுமரத்தின் பக்கமாக ஒரு முழம் தள்ளி, கொப்போடு சேர்த்து அறுக்க வேண்டும். அடிக்கொப்பிலேயே பிடித்திருந்தால் வருடாவருடம் பழுக்கும் முன் கொத்தைக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

மூன்று வருடம் யார் காத்திருப்பது? மாடி உயரத்துக்கு ஒரேயடியாக மொட்டையடித்தால் என்ன?

வளைகுடாவிலிருந்து முப்பது நாள் லீவில் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது. பாதிக்குச் சரி, பாதிக்குத் தவறு. லக்னோவிலுள்ள மத்திய அரசின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காய்ப்பு ஓய்ந்த கிழட்டு மரங்களை மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் மொத்தமாக வெட்டிப் புதுப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் அதோடு கதை முடிவதில்லை. ஒவ்வொரு கட்டையிலும் விளக்குமாறுபோலத் துளிர்கள் வரும். நல்ல இடைவெளியில் எட்டுப் பத்தை மட்டும் விட்டு, மற்றதைக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ப்பு திரும்ப மூன்றாவது வருடமாகும். லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டால் துளிரைக் கழிப்பது யார்? கழிக்காத துளிர்கள் கட்டையின் ஓரத்தில் மேலோட்டமாக ஒட்டியிருக்கும். அடுத்த ஆடிக் காற்றில் பிய்ந்துவிடும்.

இன்னொன்று, லக்னோக்காரர்கள் அதை டிசம்பர் வாக்கில் செய்கிறார்கள். அது வடநாட்டுக் குளிருக்கான கணக்கு. நமக்கு டிசம்பர் என்பது மழை ஓய்ந்தும் ஓயாத நேரம், மரம் பூவெடுக்கும் நேரம். மொட்டையடித்தே ஆக வேண்டுமென்றாலும் மேலே சொன்ன மாதத்தையே பாருங்கள். வெயில் பழகாத பட்டை திடீரென்று திறந்தால் வெந்து வெடிக்கும் என்பதால், மேற்கு பார்த்த கொப்புகளுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

தூரில் ஆணி அடித்தால், உப்புப் போட்டால் காய்க்கும் என்கிறார்களே?

ஆணிக்குள் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது. பட்டையைக் காயப்படுத்தினால் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காமல் மேலேயே தங்கும். அந்த வருடம் சில கொப்புகள் பூக்கலாம். வேர் பட்டினி கிடக்கும் என்பதையும், துளைப்பானுக்குக் கதவு திறந்துவிட்டோம் என்பதையும் யாரும் சொல்வதில்லை. உப்பு தென்னைக்குச் சொன்னது. மாவுக்கு உப்பு ஆகாது. இலை நுனி கருகும்.

வெட்டியபின் என்ன உரம்?

ஆறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு 50 கிலோ தொழுஉரம், செப்டம்பரில். தூரில் கொட்டாதீர்கள், இலை நிழல் விழும் விளிம்பை ஒட்டி வட்டமாகக் கிளறிப் போடுங்கள். ஒட்டுமுடிச்சு மண்ணுக்குள் போகக்கூடாது.

2023 வெள்ளத்தில் எங்கள் மரம் சாய்ந்துவிட்டது. அப்படியே காய்க்கிறது. நிமிர்த்தலாமா?

அந்த டிசம்பர் 17, 18-ஆம் தேதி மழையில் சாய்ந்த மரங்கள் இன்றைக்கும் பல வீடுகளில் படுத்தபடியே இருக்கின்றன. சாய்ந்த சில நாளுக்குள் என்றால் நிமிர்த்தியிருக்கலாம். இப்போது வேர் அந்த நிலையில் பிடித்துவிட்டது. கயிறு கட்டி இழுத்தால் மிச்ச வேரும் அறும். சாய்ந்த பக்கக் கொப்புகளின் நுனிக் கனத்தை இரண்டு வருடத்தில் குறையுங்கள். சாய்வுக்கு ஒரு கவைக்கட்டையை முட்டுக் கொடுங்கள். முதுகுப் பக்கத்தில் செங்குத்தாகச் சில துளிர்கள் வந்திருக்கும். அவற்றில் கோட்டுக்கு மேலிருந்து வரும் வலுவான ஒன்றை விட்டால் அதுவே புது நடுமரமாகும். கீழேயிருந்து வருவதும் அதே பக்கத்தில்தான் வரும், அதே செழிப்போடு வரும், பார்த்து விடுங்கள்.

நீங்கள் சொன்னபடி வெட்டி ஒரு வருடமாகிறது. இலையாக வருகிறது, பூ இல்லை.

மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். வெட்டிய மாதம் தள்ளிப்போயிருக்கும். அல்லது கால்பங்கு என்று சொன்னதைப் பாதியாக்கியிருப்பார்கள். அல்லது கவாத்து செய்த குஷியில் மார்கழியிலும் தினமும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். மா பூவெடுக்க வறட்சி வேண்டும். பூ வரும் வரை தண்ணீரை நிறுத்துங்கள், காய் பட்டாணி அளவானதும் ஊற்றுங்கள். ரகமும் காரணமாக இருக்கலாம். நீலம் ஏறக்குறைய வருடாவருடம் காய்க்கும். அல்போன்சாவும் இமாம்பசந்தும் ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் முறைத்துக்கொண்டு நிற்கும் சாதி.

முடிச்சுக்கு மேலே இருந்தது செத்துவிட்டது. நாட்டு மா மட்டும் தொடை பருமனாக நிற்கிறது. வெட்டி எறிந்துவிட்டுப் புதுக்கன்று வைக்கவா?

அவசரப்படாதீர்கள். பல வருட வேர் கையில் இருக்கிறது. இதன்மேலேயே மறுபடி ஒட்டலாம். ஆவணியில் நாலடி உயரத்தில் அறுத்து, ஒரே ஒரு கொப்பை மட்டும் மரம் மூச்சுவிட இலையோடு விட்டுவையுங்கள். வரும் துளிர்களில் நான்கைந்தை வளரவிட்டு, அவை பென்சில் பருமனானதும் ஒட்டுங்கள். நல்ல மரத்தில் அதே பருமனுள்ள நுனிக்குச்சியைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி கிள்ளிவிட வேண்டும். நுனிமொட்டு தடித்ததும் குச்சியை வெட்டி, ஆப்பு மாதிரிச் சீவி, துளிரின் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். மேலே ஐஸ் குச்சிப் பை ஒன்றைக் கவிழ்த்துவிடலாம். மூன்று வாரத்தில் துளிர்க்கும். ஒட்டு பிடித்து வளர்ந்தபின் விட்டுவைத்த கொப்பை எடுத்துவிடுங்கள். கை பழகாதவர் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுகிறவரைக் கூட்டிவந்து செய்வது நல்லது. என் முதல் ஆறு ஒட்டில் ஒன்றுதான் பிடித்தது.

ஒட்டு இன்னும் உயிரோடிருந்து, பக்கத்தில் நாட்டு மா தொடை பருமனாக நின்றால், அதை இரண்டு தவணையாக எடுங்கள்: இந்த வருடம் அதன் தலையை, அடுத்த வருடம் அடியை.

கொய்யா, சப்போட்டாவுக்கும் இதே கணக்கா?

இல்லை. கொய்யா புதுத்துளிரில் பூப்பதால் தைரியமாக வெட்டலாம். சப்போட்டா மெதுவாக வளர்வது. காய்ந்ததை எடுத்தால் போதும். ஆனால் அதைப் பெரும்பாலும் பாலை மரக்கன்றில் ஒட்டியிருப்பார்கள். அதனால் கோடு அங்கேயும் உண்டு.

வெட்டிய கொப்பை என்ன செய்வது?

ஆவணி முகூர்த்த நேரமாக இருந்தால் தெருவே வந்து மாவிலையை அள்ளிக்கொண்டு போகும். கட்டை காய்ந்தால் நல்ல விறகு. துளையும் மரத்தூளும் உள்ள கட்டையை மட்டும் புறவாசலில் அடுக்கி வைக்காதீர்கள். அன்றைக்கே பிளந்து எரித்துவிடுங்கள். உள்ளே விரல் நீளத்துக்கு வெள்ளைப்புழு படுத்திருக்கும். அது வண்டாகி வெளியே வந்தால் முதலில் தேடுவது நீங்கள் கவாத்து செய்து வைத்திருக்கும் அந்த மரத்தைத்தான்.